படுக்கையில் விழுந்த பெற்றோருக்காக: உயில், வங்கி, உதவித்தொகை, பராமரிப்பு – எதை முதலில் முடிப்பது?

வீட்டில் ஒரு பெரியவருக்குப் பக்கவாதமோ மறதி நோயோ வந்துவிட்டால், பத்திரம், பாஸ்புக் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அந்த ‘அப்புறம்’தான் குடும்பத்தை வருடக்கணக்கில் அலைய விடுகிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு வங்கி, சார்பதிவாளர் அலுவலகம், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் என்று ஏறி இறங்கியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: வேலைகளின் வரிசை முக்கியம். பெரியவரின் தெளிந்த புத்தியும் சம்மதமும் தேவைப்படும் வேலைகளை முதலில் முடியுங்கள். சலுகைகள், உதவித்தொகைகள் அடுத்து. மற்றவை காத்திருக்கும்.

கீழே இருப்பது தமிழ்நாட்டில் இருக்கும் குடும்பங்களுக்காக எழுதியது. சொத்து பெரிதாகவோ சிக்கலாகவோ இருந்தால் வழக்கறிஞர் கட்டாயம் வேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

1. முதல் வாரத்திலேயே: செல்போன், ஆதார், ஆவணப் பை

பெரியவரின் செல்போன் எண்ணை உயிரோடு வைத்திருங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் வங்கி, பென்ஷன், ஆதார், கேஸ் இணைப்பு என எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். “அவர்தான் பேசுவதில்லையே” என்று ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, எண் வேறு யாருக்கோ போய்விட்டால் எல்லா இடத்திலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆதாரில் எந்த எண் இணைந்திருக்கிறது என்று உடனே பாருங்கள். மாற்ற வேண்டியிருந்து, அவரால் மையத்துக்கு வர முடியாது என்றால் 1947-ஐ அழையுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்து தரும் சேவை உண்டு, அதற்குத் தனிக் கட்டணம்.

ஒரே பையில் இவற்றைச் சேருங்கள்: ஆதார், பான், குடும்ப அட்டை, பென்ஷன் ஆணை, எல்லா வங்கி மற்றும் அஞ்சலகப் புத்தகங்கள், காப்பீட்டுப் பாலிசிகள், மூலப் பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி. ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். ஒருவர் கையில் மட்டும் காகிதம் இருந்தால் பின்னால் சந்தேகம் வரும்.

கவனிக்க வேண்டிய பொறி: பெயர். பத்திரத்தில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயர் விரிந்து இன்னொரு பெயர், பென்ஷன் ஆணையில் சாதிப் பெயரோடு மூன்றாவது பெயர் இருக்கும். இனி எழுதும் எந்த ஆவணத்திலும் ‘என்கிற’ போட்டு எல்லாப் பெயர்களையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.

2. வங்கிக் கணக்கு

கணக்கு பெரியவர் பெயரில் மட்டும் இருந்தால், அவருக்குத் தெளிவு இருக்கும்போதே வாழ்க்கைத் துணையையோ நம்பகமான பிள்ளையையோ கூட்டுக் கணக்குதாரராகச் சேருங்கள். படிவத்தில் ‘இருவரில் ஒருவர் அல்லது பிழைத்திருப்பவர்’ என்ற இயக்க முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘இருவரும் சேர்ந்து’ என்று டிக் அடித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அவர் கையெழுத்தும் வேண்டும், கூட்டுக் கணக்கு ஆக்கியதில் பயனே இல்லை.

கையெழுத்துப் போட முடியாதவரின் பணத்தைத் தர முடியாது என்று ஒரு கிளையில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் அப்படிச் சொல்லவில்லை. கை அல்லது கால் பெருவிரல் ரேகையை, வங்கிக்குத் தெரிந்த இரண்டு சுயேச்சையான சாட்சிகள் முன்னிலையில் எடுக்கலாம். அந்த இருவரில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகைகூட வைக்க முடியாதவர் என்றால் ஒரு குறியீடு இட்டாலே போதும், அதற்கும் இதே சாட்சி முறைதான். 70 வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட முடியாத மாற்றுத்திறனாளிகளுக்கும் அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே வந்து தரவும் 2017-லேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. மேலாளரிடம் வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள். ஒரு பக்கக் கடிதம் எழுதி, நகலில் சீல் வாங்குங்கள். கடிதம் கொடுத்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு அதிகாரி வந்தார்.

நாமினி இருக்கிறாரா என்று ஒவ்வொரு கணக்கிலும், வைப்புநிதியிலும், லாக்கரிலும் பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை வைக்கலாம். ஆனால் பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ள உரிமை உள்ளவர்தான் நாமினி, அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. உயிலோ வாரிசுச் சட்டமோ யாருக்கு என்று சொல்கிறதோ அவருக்கே பணம் சேரும். “என்னைத்தானே நாமினி போட்டார்” என்று தொடங்கிய சண்டைகள் உச்சநீதிமன்றம் வரை போயிருக்கின்றன. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியது.

மத்திய அரசு பென்ஷன்தாரர் என்றால் நவம்பர் மாத வாழ்வுச் சான்றை மறக்க வேண்டாம். 80 கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். தேய்ந்த விரல் ரேகை கருவியில் விழாது, எனவே செல்போனில் முகம் காட்டிச் செய்யும் ஜீவன் பிரமாண் முறையைப் பயன்படுத்துங்கள். தபால்காரரை வீட்டுக்கே வரவழைத்தும் செய்யலாம், ரூ.70 கட்டணம்.

3. பவர் பத்திரத்தை நம்பி உட்கார வேண்டாம்

“ஒரு பவர் எழுதி வாங்கிக்கோ, எல்லாம் நீயே பார்த்துக்கலாம்” என்று உறவினர்கள் சொல்வார்கள். வாடகை வசூல், வரி கட்டுவது, அலுவலகங்களில் மனுக் கொடுப்பது போன்றவற்றுக்குப் பவர் உதவும். ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் இறந்தாலும் சித்தத் தெளிவை இழந்தாலும் அந்த அதிகாரம் முடிந்துவிடும். மறதி நோய் முற்றிய பிறகு பவரைக் காட்டி வீட்டை விற்றால் அந்த விற்பனை பின்னால் கேள்விக்குள்ளாகும். எந்த நிலைமைக்காகப் பவர் வாங்குகிறோமோ, அந்த நிலைமை வந்ததும் அது செல்லாமல் போகிறது என்பதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

நினைவே இல்லாத நிலைக்குப் போய்விட்டால் என்ன வழி? ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பாதுகாவலரை நியமிக்கும். முதுமை மறதியோ கோமாவோ அந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்கு உயர்நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட வேண்டும். 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம் கோமாவில் இருந்த ஒருவருக்கு அவர் மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, சொத்தை விற்கவும் அனுமதி தந்தது. வழி இருக்கிறது. ஆனால் மருத்துவ அறிக்கை, வழக்கறிஞர் செலவு, காத்திருப்பு எல்லாம் சேர்ந்து வரும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதைத் தேடுங்கள்.

4. உயிலா, செட்டில்மெண்டா?

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும்.

உயில் என்பது பெரியவர் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாளே போதும். பதிவும் கட்டாயமில்லை. எழுதுபவர் கையெழுத்தோ ரேகையோ வைப்பதை இரண்டு சாட்சிகளாவது பார்த்து, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறப் போகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். சாட்சிகள் எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக, உள்ளூரில் இருப்பவர்களாக இருந்தால் நல்லது. நாளைக்கு நீதிமன்றத்தில் உயிலை நிரூபிக்க அவர்களில் ஒருவராவது வர வேண்டியிருக்கும். இஸ்லாமியர்களுக்குப் பொதுவாக மூன்றில் ஒரு பங்குவரைதான் உயில் எழுத முடியும், அதற்கு மேல் என்றால் மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவை.

கட்டாயமில்லை என்றாலும், நோயுற்றவரின் உயிலைப் பதிவு செய்துவிடுங்கள் என்றுதான் அழுத்திச் சொல்வேன். “சுயநினைவோடு எழுதவில்லை” என்ற வழக்குதான் எப்போதும் வருவது. மூன்று காகிதங்கள் அதற்குப் பதில் சொல்லும்: அன்றைய தேதியில் மருத்துவர் தந்த ‘தெளிவாக இருக்கிறார்’ என்ற சான்று, பதிவு, முடிந்தால் ஒரு வீடியோ. நடக்க முடியாதவர் என்றால் மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்து, கூடுதல் கட்டணம் கட்டினால் சார்பதிவாளர் வீட்டுக்கே வருவார். பலர் இதைக் கேட்காமலே ஆம்புலன்ஸ் வைத்துக் கூட்டிப்போகிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த சார்பதிவாளர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எங்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டார். “உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை பேரு ஐயா? இந்த வீடு யாருக்கு?” என்று கேட்பது கதவு வழியாகக் கேட்டது. அப்பாவுக்குப் பேச்சு குழறும். சார்பதிவாளர் அவசரப்படுத்தவில்லை. பதில் முழுசாக வரும்வரை காத்திருந்தார். அதன் பிறகுதான் மை வந்தது. வியர்வையில் ரேகை இழுபட்டுப் போனதால், ஈரத்துணியால் விரலைத் துடைத்து உலரவிட்டு மறுபடி வைத்தார்கள். வீட்டில் பதிவு என்றால் மை துடைக்கத் துணி, நல்ல வெளிச்சம், எழுத ஒரு பலகை எல்லாம் தயாராக வையுங்கள். மருந்தின் மயக்கம் இல்லாத நேரமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள். எங்களுக்குக் காலை வேளை சரியாக இருந்தது.

இன்னும் மூன்று விஷயங்கள் பலருக்குத் தெரிவதில்லை. பதிவு செய்த உயிலுக்குப் பிறகு எழுதிய பதிவு செய்யாத உயிலும் செல்லும், கடைசியாக எழுதியதே நிற்கும். வில்லங்கச் சான்றில் உயில் தெரியாது, அது தனிப் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரும் அவர் நியமித்த முகவரும் மட்டுமே சான்றிட்ட நகல் வாங்க முடியும், இறந்த பிறகு இறப்புச் சான்றைக் காட்டி மற்றவர்கள் வாங்கலாம்.

செட்டில்மெண்ட், அதாவது சொத்தை உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடும் பத்திரம், உயிலுக்கு நேர்மாறு. கையெழுத்தான அன்றே சொத்து கைமாறிவிடும், மனம் மாறினால் திரும்ப வாங்குவது மிகக் கடினம். குடும்ப உறுப்பினர்களுக்குள் என்றால் தமிழ்நாட்டில் 2023 ஜூலை முதல் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் ரூ.40,000, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் ரூ.10,000. எழுத்தர் கூலி தனி.

பிள்ளைகளாகிய நீங்கள் இதைப் படித்தாலும் பெற்றோர் பக்கம் நின்று சொல்கிறேன்: இருக்கும் ஒரே வீட்டைச் செட்டில்மெண்ட் எழுதச் சொல்லாதீர்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால் இரண்டு வரிகள் பத்திரத்தில் இருக்கட்டும். ஒன்று, பெற்றோர் இருவரும் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை. இரண்டு, எழுதி வாங்குபவர் அவர்களுடைய அடிப்படைத் தேவைகளையும் உடல்நலத் தேவைகளையும் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன் 23-ஆவது பிரிவுப்படி, கவனிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிட்டால் ரத்து கிடைக்காது என்று 2022-ல் ஒரு தீர்ப்பு வந்தது. சட்டத்தைப் பெரியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொன்னது. எந்த அமர்வு எப்படிப் பார்க்கும் என்று யோசிக்கும் நிலையே வேண்டாம், வரியை எழுதிவிடுங்கள். ‘அன்பின் காரணமாக’ என்ற வழக்கமான வாசகத்தோடு நிறுத்திக்கொள்ளும் பத்திர எழுத்தர்கள் நிறையப் பேர். நகலை வீட்டுக்கு எடுத்து வந்து வரிவரியாகப் படித்த பிறகே கையெழுத்து.

5. மாற்றுத்திறனாளி சான்று, உதவித்தொகை

வயதானவருக்கு வந்த முடக்கமும் சட்டப்படி மாற்றுத்திறன்தான். 2016 சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. பார்க்கின்சன், பார்வைக் குறைவு, செவித்திறன் குறைபாடு எல்லாம் அதில் அடங்கும். பக்கவாதத்தால் கைகால் செயலிழப்பது இயக்கக் குறைபாடாகக் கணக்கிடப்படும். 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள்.

நேரத்தைக் கவனியுங்கள். நரம்பு சார்ந்த பாதிப்புகளை, நோய் வந்து ஆறு மாதம் ஆன பிறகே மதிப்பிட வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. மூன்றாவது மாதத்தில் போனால் திருப்பி அனுப்புவார்கள். அதுவரை ஸ்கேன் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, பிசியோதெரபி சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

ஸ்வாவலம்பன் இணையதளத்தில் யு.டி.ஐ.டி. அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், புகைப்படம், கையெழுத்து அல்லது ரேகையின் படம் போதும். பிறகு அரசு மருத்துவமனையில் மதிப்பீடு. அதற்கு நாள் ஒதுக்கியிருப்பார்கள், சும்மா போகாமல் விசாரித்துவிட்டுப் போங்கள். அசைக்கவே முடியாதவர் என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்து மூலம் சொல்லி மாற்று ஏற்பாடு கேளுங்கள். 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை அட்டை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம்.

கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கும், பார்க்கின்சன் போன்ற சில நோய்கள் உள்ளவர்களுக்கும் நலத்துறை வழியாக மாதம் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகை உண்டு. வருவாய்த்துறை தரும் முதியோர் உதவித்தொகை மாதம் ரூ.1,200, மாற்றுத்திறனாளிகளுக்கு ரூ.1,500, இவை ஆதரவற்ற, வருமானமில்லாத நிலையில் இருப்பவர்களுக்கானவை. ஒருவருக்கு ஒரு உதவித்தொகைதான், எது அதிகமோ அதற்கு மட்டும் மனுச் செய்யுங்கள். 60 வயது கடந்து, மாத வருமானம் ரூ.15,000-க்கு மிகாதவர்களுக்கு ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா முகாம்களில் சக்கர நாற்காலி, வாக்கர், காது கேட்கும் கருவி இலவசம்.

வருமான வரி கட்டும் பிள்ளைகள், பழைய வரி முறையில் இருந்தால், தங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கு 40 சதவீதச் சான்று இருக்கும்பட்சத்தில் ரூ.75,000, 80 சதவீதம் என்றால் ரூ.1,25,000 கழித்துக்கொள்ளலாம். செலவு ரசீது கேட்காத கழிவு இது. பலர் விட்டுவிடுகிறார்கள்.

6. கவனிக்க ஆள், இல்லம், மாதச் செலவு

முதலில் ஒரு தெளிவு: சாதாரண மருத்துவக் காப்பீடு வீட்டில் வைத்துப் பார்க்கும் ஆளுக்குப் பணம் தராது. இந்தச் செலவு முழுக்க உங்கள் கையிலிருந்துதான். சம்பளத்தை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு டயபர், கட்டில் விரிப்பு, மூக்குக் குழாய் மாற்றுவது, ஆளுக்குச் சாப்பாடு, ஆள் லீவு போட்டால் வரும் இரட்டைச் சம்பளம் எல்லாவற்றையும் மறந்துவிடுவோம். மருத்துவமனைக் கட்டில், காற்றுப் படுக்கை இரண்டையும் வாங்கிவிடாமல் முதல் மாதம் வாடகைக்கு எடுங்கள். எந்த உயரம், எந்த வகை சரிப்படும் என்று புழங்கினால்தான் தெரியும்.

ஏஜென்சியிடம் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: 12 மணி நேரமா, தங்கிப் பார்ப்பதா, கமிஷன் ஒருமுறையா, மாதாமாதமா, ஆள் நின்றுவிட்டால் எத்தனை நாளில் மாற்று ஆள், குழாய் உணவு, சளி உறிஞ்சுவது தெரிந்தவரா. வருபவரின் ஆதார் நகல் கட்டாயம். வந்தவரையும் மரியாதையாக நடத்துங்கள், படுத்துத் தூங்க நேரம் கொடுங்கள். இரவெல்லாம் விழித்தவர், இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்கவைப்பதைத் தவறவிட்டால் புண் வருவது பெரியவருக்குத்தான்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வந்து தருவார்கள். பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். வசதியுள்ளவர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம்.

முதியோர் இல்லம் பார்க்கிறீர்கள் என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “நடக்க முடியாமல் போனால் வைத்திருப்பீர்களா?” நடமாடுபவர்களை மட்டுமே சேர்க்கும் இல்லங்கள் பல. முன்பணம் எப்போது, எவ்வளவு கழித்துத் திரும்ப வரும், இரவில் நர்ஸ் உண்டா, எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சொல்லாமல் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள்.

7. வென்டிலேட்டர் வேண்டுமா என்பதை அவரே சொல்லட்டும்

மீள வழியில்லாத நிலையில் உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018-ல் உச்சநீதிமன்றம் அனுமதித்தது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று போதும். தன் சார்பில் முடிவெடுப்பவர் பெயரையும் அதில் எழுத வேண்டும். உயில் எழுதும் அதே நாளில் இதையும் மெதுவாகக் கேட்டுவிடலாம். சில பெரியவர்கள் நாம் நினைப்பதைவிடத் தெளிவாகப் பதில் சொல்வார்கள்.

8. பிள்ளைகள் கைவிட்டால்

கைவிடப்பட்ட பெற்றோர், வருவாய் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் ரூ.10,000 வரை பராமரிப்புத் தொகை உத்தரவிட முடியும். வழக்கறிஞர் தேவையில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14567 என்ற இலவச எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள்.

9. காலமான பிறகு

21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்தால் கட்டணமில்லை. பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் விழுகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள், பிறகு திருத்துவது பெரும்பாடு. ஏ.டி.எம். கார்டு கையில் இருக்கிறதே என்று பணம் எடுக்காதீர்கள். பென்ஷன் தரும் இடத்துக்கு உடனே எழுதிக் கொடுங்கள். தாமதித்தால் கூடுதலாக வந்த தொகையை மொத்தமாகப் பிடிப்பார்கள். நாமினி உள்ள வங்கிக் கணக்கு 15 நாளில் தீர்க்கப்பட வேண்டும்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பியுங்கள். இந்துக் குடும்பங்களில் ஓர் ஆண் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்களோடு அவருடைய தாயும் முதல்நிலை வாரிசு. பாட்டி உயிரோடு இருக்கும்போது அவர் பெயரை விட்டுவிட்டு மனுப் போடுவது அடிக்கடி நடக்கிறது, மனுவும் நிராகரிக்கப்படுகிறது. உயில் பதிவாகியிருந்தாலும் பட்டா தானாக மாறாது, தனியாக மனுக் கொடுக்க வேண்டும். அப்பா பென்ஷன்தாரர் என்றால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மாவின் குடும்ப ஓய்வூதிய மனுவைக் கொடுத்துவிடுங்கள். அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் பென்ஷன் ஆணையில் சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் அப்பா இருக்கும்போதே பார்த்துத் திருத்தி வையுங்கள்.